ஒடுக்கு குடியிருந்த வீதி

"போதும், போதும், நிறுத்தும்மா" என்று அப்பாஸ் பாய் டீக்கடையிலிருந்து கையை நீட்டிச் சொல்லி முடிப்பதற்குள், துளசிமணியின் குட்டி யானை பின்னால் நகர்ந்து, அந்தச் சின்னச் சரக்கு வண்டியின் பின்கதவுக்கு வெளியே முக்கால் அடி துருத்திக்கொண்டிருந்த கல்யாண அண்டா, ஆயில் மில் சென்னியப்பனின் வெள்ளைக் காருடைய நெற்றியில் போய் முட்டி நின்றது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. தேங்காய் மூடியைத் திண்ணையில் கவிழ்த்து வைத்தால் என்ன சத்தம் வருமோ அவ்வளவுதான்.

துளசிமணி இறங்கி வந்து முதலில் அண்டாவைத்தான் பார்த்தாள். வாடகைப் பாத்திரக்கடை நடத்துகிறவளுக்குக் கை தானாக அங்கேதான் போகும். விரல் கணுவால் அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினாள். கோயில் மணிபோல நீளமாக ஒலித்தது. அண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு காரைப் பார்த்தாள். பானெட்டின் நடுவில், தேங்காய் மூடி அளவுக்கு, அளந்து வைத்ததுபோல அழகான வட்டத்தில் ஒரு ஒடுக்கு விழுந்திருந்தது.

சென்னியப்பன் காரிலிருந்து இறங்கினார். தை மாதம் வாங்கிய கார்; வெளிநாட்டுப் பெயர்; அந்தப் பெயரை அவரே நாளுக்கு ஒரு விதமாகச் சொல்லுவார். வாங்கிய நாளிலிருந்து அதை மர நிழலில் நிறுத்தியதில்லை, பறவை எச்சமிடும் என்று. வெயிலிலும் நிறுத்தியதில்லை, நிறம் மங்கும் என்று. அதனால் அவர் எங்கே போனாலும் நிறுத்த இடமில்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"பின்னால பாத்து வரக்கூடாதுங்களா அம்மிணி?"

"பாத்தேனுங்கண்ணா. அண்டாதான் தெரிஞ்சுது."

அவர் கத்தவில்லை. போனை எடுத்து ஒடுக்கைப் படம் பிடித்து, கோயமுத்தூரில் கார் வாங்கிய கடைக்கு அனுப்பினார். அப்பாஸ் பாய் ஆற்றி வைத்த டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. கண்ணாடி எடுத்து வராததால் போனை அப்பாஸ் பாயிடமே நீட்டினார்.

"அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம்" என்று அப்பாஸ் பாய் படித்தார். கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, "வரி தனியாமா" என்றார்.

ஏன் அவ்வளவு என்பதற்கும் அதிலேயே காரணம் இருந்தது. அந்தப் பானெட் மூடி இரும்பு அல்ல, சுத்தியலை அறியாத வேறொரு உலோகம், ஆகவே தட்டி எடுக்க முடியாது, முழுசாக மாற்ற வேண்டும். மாற்றினால் புது வெள்ளை பழைய வெள்ளைக்குப் பக்கத்தில் உட்காராது, ஆகவே இரண்டு பக்கத்துக் கன்னங்களுக்கும் சேர்த்து மூன்று பூச்சுப் பூச வேண்டும். காரின் சின்னத்துக்குப் பின்னால் பாதையைப் பார்க்கிற கண் ஒன்று இருக்கிறது, மூடியைக் கழற்றினால் அந்தக் கண் பார்க்க மறந்துவிடும், அதற்குத் திரும்பவும் பார்க்கச் சொல்லிக் கொடுக்கச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். இத்தனைக்கும் காரை ஓட்டிக்கொண்டு வரக் கூடாது, இன்னொரு வண்டியின் முதுகில் மாப்பிள்ளை ஊர்வலம்போல ஏற்றித்தான் கொண்டு வர வேண்டும்.

முடிதிருத்தும் ஆறுமுகம் கத்தரியோடு வெளியே வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் காசக் குடுத்தா என் கடையோட நானும் வருவேனுங்க" என்றான்.

துளசிமணி சிரிக்கவில்லை. குட்டி யானைக்கு இன்னும் தவணை முடியவில்லை. ஆவணி முகூர்த்தங்கள் வரிசைகட்டி நின்றன. வண்டி இல்லாவிட்டால் அண்டாக்களும் தவலைகளும் கல்யாண வீடுகளுக்குத் தாமாக நடந்து போகப் போவதில்லை.

"கோர்ட்டு, கேசுன்னு உங்கள அலைய விடமாட்டேன்" என்றார் சென்னியப்பன். "இன்சூரன்சுக்கு எழுதிப் போட்டா வருசம் பூரா படியேறோணும். எனக்குக் காரு பழையபடி ஆகோணும், அது எப்படி ஆனாலுஞ் சரி. அதுவரைக்கும் உங்க வண்டி நம்ம மில்லுல நிக்கட்டும்."

அவள் டீக்கடைப் பக்கம் திரும்பினாள். கல்யாண வீட்டிலிருந்து ஒடுக்கு விழுந்து வரும் பாத்திரத்தை என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். அப்பாஸ் பாயிடம் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி ஒடுக்கின் மேல் ஊற்றினாள். மூடியைத் திறக்கச் சொல்லி, அடியில் கையை விட்டு, உள்ளங்கையை மொத்தமாக வைத்து, குழந்தையின் முதுகைத் தட்டுகிற பக்குவத்தில் ஒரு தள்ளுத் தள்ளினாள். 'டப்' என்றது. பானெட் தை மாதம் வந்த அன்று இருந்ததுபோல வழவழப்பாக ஆகிவிட்டது.

"இங்க வந்துருச்சுங்க" என்றார் அப்பாஸ் பாய், தினசரிப் பேப்பர் வந்துவிட்டதைச் சொல்லும் குரலில்.

அவருடைய பால் பாத்திரத்தின் விலாவில், தேங்காய் மூடி அளவுக்கு, அதே வட்டத்தில் அதே ஒடுக்கு இருந்தது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஆறுமுகம் விரலை வைத்துத் தடவிப் பார்த்து, அதேதான் என்று உறுதி சொன்னான். பால் அரை டம்ளர் குறைவாகப் பிடிக்கும், அதைத் தண்ணீரில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று அப்பாஸ் பாய் சொன்னார். இத்தனை நாளும் அப்படித்தானே என்று யாரோ சொன்னதற்கு அவரும் சேர்ந்து சிரித்தார்.

சென்னியப்பன் பானெட்டைப் பலமுறை தடவினார். "சரிங்க. காலையில வரைக்கும் இப்படியே நின்னா சாவி வாங்கிக்குங்க" என்று சொல்லி, மில் டிரைவரை வரவழைத்துக் குட்டி யானையை மில்லுக்கு ஓட்டிக்கொண்டு போகச் செய்தார்.

காலையில் அப்பாஸ் பாயின் பால் பாத்திரம் முழுசாக இருந்தது. ஒடுக்கு காருக்கே திரும்பியிருந்தது. கோபித்துக்கொண்டு கிளம்பின மருமகள் பொறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாப்பல, என்று வீதியில் பேசிக்கொண்டார்கள்.

அன்று முதல் சாயங்காலமானால் கார் வீதிக்கு வரும். துளசிமணி ஒடுக்கை எடுப்பாள். எதில் விடுவது என்று வீதி கூடி யோசிக்கும், தள்ளும்போது சொன்ன பொருளில் அது போய் உட்காரும். யாருக்கும் நட்டமில்லாத பொருளாகப் பார்த்து விட வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தோன்றியது. மின்கம்பத்தில் விட்டார்கள், திரும்பிவிட்டது. தெருக்குழாயில் விட்டார்கள், திரும்பிவிட்டது. கட்சிக் கொடிக்கம்பத்தில் விட்டபோது எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் கம்பத்துக்கும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்டார்கள், அங்கேயும் விட்டார்கள், இரண்டிலிருந்தும் கட்சி பேதமில்லாமல் திரும்பிவிட்டது. பள்ளிக்கூட மணியில் விட்ட அன்று மட்டும் மணி அடித்தால் கனைப்பதுபோலக் கேட்டது, பிள்ளைகள் அதற்கே சீக்கிரம் வந்தார்கள். போன பொருள் எதுவானாலும், கோழியானாலும் கொடுத்த கடனானாலும், "ஒடுக்கு மாதிரி விடிஞ்சா வந்துரும்" என்று சொல்லித் தேற்றுவது வீதியில் வழக்கமாகிவிட்டது. ஒறம்பரையாக வந்த வெளியூர்ச் சொந்தக்காரர் யாராவது ஒடுக்கு ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுமா என்று கேட்டால், உங்க ஊர்ல தாவாதுங்களா என்று திருப்பிக் கேட்டார்கள்.

துளசிமணி மட்டும் மெலிந்துகொண்டிருந்தாள். மூன்று சக்கரச் சைக்கிளில் தவலைகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனாள். அண்டாவை உருட்டிக்கொண்டே போன நாளும் உண்டு. தாராபுரம் ரோட்டுப் பாத்திரக்கடைக்காரர் அவளுடைய முகூர்த்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் காரின் மூடிக்கடியில் கையை விடும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள்: கார் வரவர நேரம் கழித்து வந்தது. சக்கரங்களில் செம்மண் அப்பியிருந்தது. ஒரு நாள் பின் சீட்டில் சோளத்தட்டுக் கட்டு இருந்தது. அவளுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

அப்படி ஒரு சாயங்காலம், வீதிக் கோடியில் இட்லிக்கடை வைத்திருக்கும் பூவாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தாள். பைபாஸில் பெரிய ஓட்டல் வந்ததிலிருந்து அவள் கடையில் ஊற்றுகிற தோசையைவிட ஊற்றாத தோசைதான் அதிகம்.

"எங்க தோசக்கல்லுல விடுங்க்கா" என்றாள்.

"பொழைக்கற கல்லுல எதுக்குடி?"

"எங்க பொழைக்குது? சும்மாத்தான் காயுது. நீங்க அண்டாவ உருட்டிட்டுப் போறதப் பாக்க முடியல. எனக்குக் குடுத்துருங்க, நான் வெச்சுக்கறேன்."

துளசிமணி 'டப்' என்று தள்ளினாள். தோசைக்கல்லின் நடுவில் ஒடுக்கு போய் உட்கார்ந்தது. பூவாத்தாள் உள்ளே போய் ஒரு துண்டு வெல்லம் எடுத்து வந்து துளசிமணியின் கையில் வைத்து மூடினாள். அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்த வீதியில் அது எல்லோரும் செய்வதுதான். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால் கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது; சர்க்கரையோ, ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ, ஒன்றுமில்லாவிட்டால் நாலு கல் உப்போ அதில் இருக்கும். துளசிமணியின் வாடகைப் பாத்திரங்கள்கூட அப்படித்தான், கல்யாண வீடுகளிலிருந்து அடியில் ஒரு கரண்டிச் சர்க்கரைப் பொங்கலோடோ வெற்றிலைபாக்கோடோதான் கடைக்குத் திரும்பும்.

விடிந்தது. ஒடுக்கு திரும்பவில்லை.

அடுத்த நாளும் திரும்பவில்லை. அப்பாஸ் பாய்தான் அதை விளங்கிக்கொண்டவர். "இத்தன நாளும் நாம அதத் தள்ளிவிட்டோம். வேணும்னு யாரும் கேக்கல, வாங்கிட்டு ஒண்ணும் குடுக்கல. இந்தப் பொண்ணு கேட்டு வாங்குச்சு, வெறுங்கையா அனுப்பல. அதான் தங்கிருச்சு" என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. இவ்வளவு நாளும் மின்கம்பத்திடம் எப்படி எதிர்பார்த்தோம் என்று வெட்கப்பட்டுக்கொண்டார்கள்.

பூவாத்தாள் அந்தக் கல்லிலேயே மாவை ஊற்றினாள். வேறு கல் இல்லை. தோசை ஓரமெல்லாம் முறுகலாகவும் நடுவில் குழிந்து மெத்தென்றும் வந்தது. அந்தக் குழியில் சட்னி ஊற்றினால் ஓடாமல் நின்றது. முதலில் சாப்பிட்ட ஆறுமுகம் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று கேட்டான். பிறகு வீதி சாப்பிட்டது. பிறகு பஸ் ஸ்டாண்டு சாப்பிட்டது. காங்கயத்திலிருந்தும் வெள்ளகோவிலிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டார்கள். கடைசியில் பைபாஸ் ஓட்டலின் சர்வர்களே சீருடையைக் கழற்றிவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூவாத்தாள் அடகுக் கடையிலிருந்து தோட்டை மீட்டுப் போட்டுக்கொண்டாள். மாவு அள்ளும்போதெல்லாம் அது ஆடியது.

துளசிமணி மில்லுக்குப் போனாள். குட்டி யானை தேங்காய்ப் பருப்புக் காயப்போட்ட களத்தின் ஓரத்தில், காற்று இறங்கின சக்கரத்தோடு நின்றது.

"காரு பழையபடி ஆயிருச்சுங்களே அண்ணா. சாவி?"

"இன்னுஞ் சித்தே பாக்கலாம் அம்மிணி" என்றார் சென்னியப்பன். கார் கொட்டகைக்குள் துணி போர்த்தி நின்றது. அவருடைய முகத்தைப் பார்த்தால், வீட்டில் நோயாளி தேறிய பிறகும் கவலைப்படுகிறவர் மாதிரி இருந்தது.

அவள் வெறுங்கையோடு திரும்பினாள். ஆவணியின் பெரிய முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணம். அதை விட்டால் அந்த வருஷமே போனதுபோல.

அதற்கு இரண்டு நாள் முன்னால் காலை வேளையில் கார் வீதிக்கு வந்தது. நடந்து வருகிறவர்களைவிட மெதுவாக வந்தது. பூவாத்தாள் கடைமுன் கூட்டம் இருந்ததால் சென்னியப்பன் தூரத்திலேயே நிறுத்தி, நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, அப்புறம் நடந்து வந்தார்.

"அம்மிணி, அந்த ஒடுக்கு எனக்குத் திரும்ப வேணுமுங்க" என்றார் துளசிமணியிடம்.

கரண்டி கல்லின் மேலேயே நின்றது. துளசிமணி சைக்கிளிலிருந்து ஒரு தவலையை இறக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே அதைத் தரையில் வைத்தாள்.

"அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம்னு கம்பெனியே எழுதிக் குடுத்திருக்குது" என்று சென்னியப்பன் தொடர்ந்தார். "அப்ப அது யாரு சொத்துங்க? என்னோடதுதானுங்களே?"

"சேதாரம் எப்பங்க சொத்தாச்சு?" என்றான் ஆறுமுகம்.

"நீ சும்மா இருடா. செரைக்கறது உன்ற பொழப்பு, உனக்கென்ன தெரியும்." இதைச் சொல்லிவிட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு குரல் இறங்கிவிட்டது. "உள்ளதச் சொல்லட்டுங்களா? அது காருல இருந்தவரைக்கும் தோப்புக்குப் போனேன். மண்ரோட்டுல போனேன். சந்தைக்குப் போயி மாட்டுக்குச் சோளத்தட்டு வாங்கிப் போட்டுட்டு வந்தேன். ஒடஞ்ச வண்டிதானேன்னு புளியமரத்தடியில நிறுத்திட்டு உள்ளயே தூங்கினேன், கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு. இப்ப மறுபடியும் நான்தான் அதுக்கு வாட்ச்மேன். முதுகு வலிக்குதுங்க."

துளசிமணிக்குச் செம்மண் சக்கரங்களும் சோளத்தட்டுக் கட்டும் நினைவுக்கு வந்தன.

"வண்டிச் சாவி இந்தா இருக்குது" என்று அவர் சட்டைப்பையைத் தட்டினார். "ஒடுக்கக் காருக்கு மாத்தி விடுங்க. இப்பவே எடுத்துக்குங்க."

துளசிமணி கையைப் பார்த்தாள். ஒரு தள்ளுத்தான். வண்டி வந்துவிடும், ரைஸ்மில்காரர் கல்யாணம் வந்துவிடும், தவணை வந்துவிடும். பூவாத்தாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காதில் தோடு ஆடாமல் இருந்தது. "எடுத்துக்குங்க்கா" என்றாள். "உங்களுக்காகத்தான வாங்கி வெச்சேன்."

"நீ கேட்டு வாங்கினது. நான் எப்படிடி எடுக்கறது?" என்ற துளசிமணி, சென்னியப்பனிடம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, அவகிட்டல்ல கேக்கோணும்? அதுவும் வெறுங்கைய வீசிட்டு வந்து கேட்டா, குடுத்தாலும் அது தங்குமுங்களா?"

சென்னியப்பன் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"தோசை எத்தன மணிக்கு முடியுது?" என்று அப்பாஸ் பாய் தம் கடையிலிருந்தே கேட்டார்.

"பத்துக்கு மேல ஆரு வருவா. அப்புறம் சாயங்காலந்தான்" என்றாள் பூவாத்தாள்.

"மத்தியானத்துல கல்லு சும்மாத்தான கெடக்குது? அவரு தோப்புக்குப் போறதும் மத்தியானத்துலதான?"

வீதி ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. காலைத் தோசை முடிந்ததும் ஒடுக்கு காருக்குப் போகட்டும், சாயங்காலம் கல்லுக்கு வரட்டும். போகும்போது பூவாத்தாள் தோசை கட்டிக் கொடுக்கட்டும், வரும்போது அவர் சட்னிக்குத் தேங்காய் கொண்டு வரட்டும். ஒரு தடவையும் வெறுமையாகப் போக வேண்டாம், வர வேண்டாம். மில்லில் தேங்காய்க்கா பஞ்சம்? பூவாத்தாள் சரி என்று தலையாட்டியபோது தோடும் ஆடியது. சென்னியப்பன் அப்படியே ஆகட்டும் என்றார்.

"ஆகும்" என்றாள் துளசிமணி. "ஆனா மாத்தி விடறது எங்கையிங்க. தினம் ரெண்டு நேரம். நான் ஒரு கல்யாணம் வெள்ளகோவில்ல, ஒரு கல்யாணம் ஊதியூர்லன்னு அலையறவ. இந்த மூணு சக்கரத்தத் தள்ளிட்டு நான் வந்து சேர்றதுக்குள்ள உங்க தோப்புல பொழுதே எறங்கிரும்."

சென்னியப்பன் கொஞ்ச நேரம் யோசித்தார். கூட்டமும் அவரோடு சேர்ந்து யோசித்தது. பிறகு சாவியை எடுத்து நீட்டப் போனவர், பாதியில் நிறுத்தி, திரும்பச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

"காலையில நானே அனுப்பறேன்" என்றார். "வெறும் வண்டியா அனுப்பக் கூடாதல்லொ."

மறுநாள் குட்டி யானை வந்தது. சக்கரங்களில் காற்று அடித்திருந்தது. பின்கதவு மூடாத அளவுக்கு உரித்த தேங்காய் குவிந்திருந்தது. அண்டா துருத்திய இடத்தில் இப்போது இளநீர்க் குலை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த மில் டிரைவர் அதைக் கவனமாக, பின்னால் யாருமில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினான். துளசிமணி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தேங்காயில் பாதியைப் பூவாத்தாள் கடையில் இறக்கினாள், இரண்டை அப்பாஸ் பாய்க்கு வைத்தாள், ரைஸ்மில்காரர் வீட்டுக்கு ஏற்ற வேண்டிய அண்டாக்களை எண்ணத் தொடங்கினாள்.

தோசை வேளை முடிந்து சென்னியப்பனின் கார் வந்து நின்றதும், ஆறின கல்லின் அடியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். 'டப்' என்றது. கல் சமமானது, ஒடுக்கு காரின் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. பூவாத்தாள் கடைசியாகச் சுட்டு வைத்திருந்த குழித் தோசைகளை வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். தோப்பு வரைக்கும் பொறுக்காமல் சென்னியப்பன் இலையைப் பானெட்டின் மேலேயே விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கோயமுத்தூர்க் கடைக்காரர்கள், அப்பாஸ் பாய்தான் எடுத்துப் பேசினார்.

"காருக்குப் புது மூடி கப்பல்ல வந்துருச்சாமா. காரு எப்ப வருதுன்னு கேக்கறாங்க."

"காரு வேலையா இருக்குதுன்னு சொல்லுங்க பாய்" என்றார் சென்னியப்பன், வாய் நிறைய.

"என்ன வேலைன்னு கேக்கறாங்களே?"

"தோப்புக்குப் போகுதுன்னு சொல்லுங்க."

அப்பாஸ் பாய் அதை அப்படியே சொன்னார். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ விளக்கினார்கள், அவர் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறுமுகம் அடுத்த ஆளுக்குத் துண்டை உதறிப் போர்த்தினான். துளசிமணி அண்டாக்களை ஒவ்வொன்றாகத் தட்டி வண்டியில் ஏற்றினாள். சென்னியப்பன் தோசையைப் பிட்டு எடுத்தபோது குழியிலிருந்து ஒரு சொட்டுச் சட்னி வெள்ளைப் பானெட்டின் மேல் விழுந்தது. அவர் அதை ஒரு விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டு, அடுத்த தோசையை எடுத்தார்.